தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டேனிஷ் கோட்டையின் படம் வந்தாலும் வந்தது, தபால் முழுக்கத் தரங்கம்பாடிதான். நான் பொறையாரில் பிறந்து, மாயவரத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்துப் பிழைத்தவன். தரங்கம்பாடி எனக்கு அடுத்த ஊர். அதனால் இந்த மாதம் வேறு ஊர்க் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி. முடிந்த கையோடு தரங்கம்பாடிக் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்கிறார் வேன்காரர். ஒரு மணி நேரம் போதுமா?
– நாமக்கல் வாசகி

கோட்டைக்குப் போதும் அம்மா, ஊருக்குப் போதாது. திருக்கடையூரிலிருந்து வரும் வேன்கள் நேரே கோட்டை வாசலில் போய் நிற்கின்றன. கடலைப் பின்னால் வைத்து ஒரு படம், ஆளுக்கொரு ஐஸ்கிரீம், அவ்வளவுதான், வண்டி திரும்பிவிடுகிறது. பார்க்க வேண்டியதில் பாதிக்குமேல் அந்த வண்டி வேகமாகக் கடந்து வந்த தெருவில்தான் இருக்கிறது.

வேனை ஊர் நுழைவாயிலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளையடித்த வளைவு வாயில் ஒன்று வரும். டேனிஷ்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் வைத்திருந்த காலத்து நிலப்பக்க வாசல் அது. இப்போது நிற்கும் கட்டடம் 1792-ல் திருப்பிக் கட்டியது. அங்கிருந்து கடல்வரை நேராகப் போவதுதான் கிங் ஸ்ட்ரீட் என்கிற ராஜ வீதி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு மெதுவாக நடந்தாலும் அதிக நேரம் பிடிக்காது, நிழலும் உண்டு.

அந்த வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் சற்று நில்லுங்கள். மேலே ஒரு கிரீடம், அதன் கீழே டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக்கின் முத்திரை எழுத்து, 1718 என்ற ஆண்டு. சோழ நாட்டுக் கடலோரத்தில் சுண்ணாம்புச் சுவரில் வடதுருவத்துப் பக்கத்து ராஜா ஒருவரின் பெயர்! உள்ளே பலிபீடத்தின் முன்னால், இங்கே வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1719-ல் இறந்தபோது அவருக்கு 36 வயதுதான். அதே வீதியில் சீயோன் ஆலயமும் இருக்கிறது. அது 1701-ல் டேனிஷ்காரர்கள் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டியது. ஆரோன் என்ற தமிழர் 1733-ல் குருப்பட்டம் பெற்றது அங்கேதான். புராட்டஸ்டண்டு சபையில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்.

வீதி முடிந்ததும் மைதானம். மைதானத்தைப் பார்த்தபடி ஆளுநர் மாளிகை. எதிரே கோட்டை. கோட்டைக்குள் மாடியேறி நேரே காற்று வாங்கப் போய்விடாமல், முதலில் கீழ்த்தளத்து அறைகளுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். கிடங்குகளும் சிறையும் இருந்தது அங்கேதான். மேல்தளத்துக் கூரை ஒட்டகத்தின் திமில் போல வளைந்து வளைந்து எழும்பியிருக்கும். கல்தூண்களைக் குறைத்து, செங்கல் வளைவை வைத்தே பெரிய அறைகளை மூடியிருக்கிறார்கள். அருங்காட்சியகம் சிறியது. சீனத்துத் தேயிலை ஜாடிகள், பீங்கான், ஈட்டிகள், பழைய ஆவணங்கள் இருக்கின்றன. கிளம்பும் முன் விடுமுறை நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் இரவு தங்கி விடியற்காலையில் நடங்கள். வெயில் கடல் பக்கமிருந்து ஏறும்போது கோட்டைச் சுவரின் காவி மஞ்சள் நிறம் நன்றாகத் தெரியும்.

தமிழில் அச்சான முதல் புத்தகம் தரங்கம்பாடியில்தான் வந்தது என்று எங்கள் கல்லூரி விழாவில் ஒருவர் பேசினார். சரியா?
– பாளையங்கோட்டை மாணவர்

சரியில்லை தம்பி. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வந்துவிட்டது. பதினாறே பக்கம். ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் செய்தது. உங்கள் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு வாழ்ந்தவர் அவர். ஆகவே முதல் பெருமையில் உங்கள் ஊருக்குப் பங்கு உண்டு.

தரங்கம்பாடியின் பெருமை வேறு. கொல்லத்தில் தொடங்கிய வேலை கொஞ்ச காலத்தில் ஓய்ந்துபோனது. தரங்கம்பாடியில் ஓர் அச்சுக்கூடம் நிலையாக உட்கார்ந்து, எழுத்து வார்த்து, காகிதம் செய்து, வருஷக்கணக்காகத் தமிழை அச்சடித்தது. ஒரு கம்பாசிட்டர், அதாவது அச்செழுத்து கோக்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், அனுப்பியவர் டென்மார்க் அரசர். சீகன்பால்கு தமிழ் படித்ததோடு நிற்கவில்லை, சுவடி சேர்த்தார். 1708-ல் அவர் போட்ட பட்டியலில் 119 தமிழ் நூல்கள் இருக்கின்றன. திருக்குறளும் அதில் ஒன்று. லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பி வைத்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து, பிறகு அது மீட்கப்பட்டு, 1712-ல் இங்கே வந்து சேர்ந்தது. ஆனால் கூடவே புறப்பட்ட அச்சுக்காரர் வழியிலேயே இறந்துவிட்டார். இயந்திரம் வந்தது, ஓட்டத் தெரிந்தவர் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பிசையும்.

தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, கையெழுத்து மாதிரியைப் பார்த்து வெட்டியவை. எழுத்துகள் பெரிதாக வந்துவிட்டன. பெரிய எழுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எழுத்து பெருத்தால் வரி குறையும், வரி குறைந்தால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் காகிதம் தின்னும். காகிதமோ கப்பலில் வர வேண்டியது. கல்யாணப் பத்திரிகைக்கே எழுத்து ஒரு சுற்று பெருத்தால் முதலாளி முகம் சுளிப்பார். அவர்கள் கையில் இருந்ததோ முழுப் புதிய ஏற்பாடு.

நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ல் அந்தப் பெரிய எழுத்திலேயே வந்தன. மிச்சத்துக்குச் சிறிய எழுத்து வேண்டும் என்று முடிவெடுத்து, பொறையாரிலேயே வார்த்தார்கள். ஆட்லர் என்பவர் அந்த வேலையைச் செய்தார். ஈயம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி எழுத்தாக்கினார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுமையாக முடிந்தது.

ஈயத்தைக் கையில் வைத்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெறும் ஈயம் மெத்தென்றிருக்கும். நாலு ஃபாரம், அதாவது ஒன்றாகப் பூட்டி அடிக்கும் பக்கத் தொகுதி, ஓடினால் எழுத்தின் முகம் நசுங்கிவிடும். வெள்ளீயமும் ஆண்டிமணியும் அளவாகச் சேர்ந்தால்தான் நிற்கும். 'கை' என்று கோக்க வேண்டுமானால் இணைக்கொம்பு தனி, 'க' தனி. எழுத்து கோக்கும் கைத்தட்டான ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக நிற்கும், விரல் நுனியால் எழுத்தின் உடம்பில் உள்ள காடியைத் தடவித்தான் எது மேல் எது கீழ் என்று அறிவோம். எழுத்து வைக்கும் பெட்டியான தமிழ் கேஸில் நூற்றுக்கு மேல் அறைகள். ஓர் அறையில் எழுத்து தீர்ந்துபோனால் அடித்து முடித்த பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கம். எங்களுக்காவது எழுத்து வாங்கச் சென்னை இருந்தது. அவர்களுக்குத் தீர்ந்த எழுத்தை வாங்க இந்தக் கரையில் ஒரு கடையும் கிடையாது.

காகிதத்தையும் உள்ளூரிலேயே செய்து பார்த்தார்கள். அந்த ஆலை இருந்த இடத்துக்குப் பொறையாரில் இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். ஊருக்கு வந்தால் அந்தப் பக்கமும் ஒரு எட்டு போய்விட்டு வா தம்பி. ஆலை இல்லை, பெயர்ப்பலகையில் அந்தப் பெயர் மட்டும் இருக்கும். எனக்கு அதுவே பெரிய நினைவுச்சின்னம்.

டேனிஷ்காரர்கள் தஞ்சாவூரோடு சண்டை போட்டுத்தானே இடம் பிடித்தார்கள்?
– ஓசூர் வாசகர்

இல்லை. ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள். டேனிஷ்காரர்களுக்காக முன்னால் வந்த கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் அழித்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே இலங்கைவரை போய் வந்த டேனிஷ் கப்பல் அணித் தலைவர் ஓவே கெடே, 1620 நவம்பரில் நாயக்கருடன் உடன்படிக்கை செய்தார். அப்போது அவருக்கு 25 வயது. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தமிழில் பொன்னோலையில் ஒரு கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் ஏற்கெனவே நாகப்பட்டினத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வாங்குகிறவன் இருந்தால் நாயக்கருக்கு லாபம்தானே.

1845-ல் டேனிஷ்காரர்கள் வங்காளத்து சேராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போனது, ஊர் அடங்கிவிட்டது. அடங்கியதால்தான் இடிக்காமல் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கடலில் குளிக்கலாமா?
– சேலம் வாசகர்

கோட்டை ஓரத்தில் வேண்டாம். பழைய மதிலின் இடிபாடும் கொட்டிய பாறைகளும் தண்ணீருக்குள் கிடக்கின்றன. பிள்ளைகளை இறங்கவே விடாதீர்கள்.

மாசிலாமணிநாதர் கோயில் கடலுக்குள் போய்விடும் என்கிறார்களே?
– மன்னார்குடி வாசகி

பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது அம்மா. கோட்டைக்கு வடக்கே, கரை விளிம்பில் நிற்கும் சிவன் கோயில் அது. 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரன் வருவதற்கு 300 வருஷம் முன்பே இது துறைமுக ஊர் என்பதற்கு அந்தக் கோயில் கல்வெட்டே சாட்சி. சடங்கன்பாடி என்ற பெயரும் குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் அதில் வருகின்றன. என் சிறு வயதில் பெரியவர்கள் தண்ணீரைக் கைகாட்டி "அங்கே மண்டபம் இருந்தது" என்பார்கள். அலையில் உருண்ட செதுக்குக் கற்கள் மணலில் கிடக்கும்.

2004 சுனாமியில் இந்த ஊர் கொடுத்த உயிர்கள் எத்தனையோ. அதற்குப் பிறகு கரையில் பாறைகளை அடுக்கிக் காப்பு செய்தார்கள். எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். கோட்டையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆளுநர் மாளிகையை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு அழகாகப் புதுப்பித்தார்கள், மகிழ்ச்சி. அதே அக்கறை இந்தப் பாண்டியர் கல்லுக்கும் வர வேண்டும். தரங்கம்பாடி என்றால் 1620 என்று தொடங்கும் ஒவ்வொரு பேச்சும் அதற்கு முந்தின மூன்று நூற்றாண்டைக் கடலில் தள்ளிவிடுகிறது. நீங்கள் போனால் அந்தக் கோயிலில் ஒரு விளக்காவது ஏற்றிவிட்டு வாருங்கள்.

அடிமை வியாபாரம் செய்தவர்களையும் மதம் மாற்ற வந்தவர்களையும் ஏன் இப்படிக் கொண்டாட வேண்டும்? கோபத்தோடுதான் கேட்கிறேன்.
– திருப்பூர் வாசகர்

கோபம் நியாயமானது. 17-ம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து மனிதர்களையும் கப்பலேற்றினார்கள், உண்மை. 1707-ல் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். எருசலேம் ஆலயத்துக்குள்ளும் சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைத்த காலம் இருந்தது. சிலுவை வடிவில் கட்டிய அந்த ஆலயத்தின் சிறகுகளைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோட்டைத் தளபதிக்கும் சீகன்பால்குவுக்குமே ஆகவில்லை. 1708 கடைசியில் அவரைப் பிடித்து நான்கு மாதம் கோட்டையில் அடைத்து வைத்தார் அந்தத் தளபதி. டேனிஷ் வணிகக் கம்பெனிக்காரர், பாதிரியார், நாயக்கர், செட்டியார், மீனவர்களான பட்டினவர் என்று ஒவ்வொருவர் கணக்கும் வேறு வேறு. எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஊர் புரியாது.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். 1712 முதல் 1714 வரை பாதிரியார்கள் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் கடவுள் யார், மருத்துவம் எப்படி, பெண்கள் ஏன் படிப்பதில்லை, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்கிற மாதிரி. தமிழர்கள் பதில் எழுதினார்கள். அதில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிக்குப் போய் ஹாலேயில் அச்சாயின. ஐரோப்பியரின் குடியையும் அசுத்தத்தையும் பிறரைத் தாழ்வாகப் பார்ப்பதையும் அந்தத் தமிழர்கள் நேருக்கு நேர் குறை சொல்லியிருக்கிறார்கள். பதில் சொன்னவர்களின் குரல் அப்படிப் பதிவாவது அபூர்வம். நான் தரங்கம்பாடியைக் கொண்டாடுவது கோட்டைக்காக என்பதைவிட, இந்தக் கடிதங்களுக்காகவும் ஈய எழுத்துகளுக்காகவும்தான்.

கடற்கரையில் ஒருவர் டேனிஷ் காசு என்று விற்றார். வாங்கலாமா?
– கோவை வாசகர்

வேண்டாம். டேனிஷ்காரர்கள் இங்கேயே அரசர் முத்திரை எழுத்தோடு ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தது நிஜம்தான். ஆனால் கையில் கொடுப்பது அசலா நகலா என்று அலையோரத்தில் நின்று உங்களால் சொல்ல முடியாது. அசலாக இருந்தால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருள், சட்டம் குறுக்கே வரும். காசைப் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகத்தில் பாருங்கள்.

மாயவரத்திலிருந்து ரயில் உண்டா?
– வேலூர் வாசகர்

இருந்தது, 1986-ல் நின்றுபோனது. இப்போது பஸ்தான். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரும்.

செப்புத் திருமேனிகளில் ஆர்வம் உள்ளவள் நான். பக்கத்தில் ஏதாவது உண்டா?
– சென்னை வாசகி

பக்கத்திலேயே அனந்தமங்கலம் இருக்கிறது. அங்கே ராஜகோபாலப் பெருமாள் கோயில், மூன்று கண்ணும் பத்துக் கையும் கொண்ட ஆஞ்சநேயருக்காக நிறையப் பேர் வருவார்கள். 1978-ல் இந்தக் கோயிலிலிருந்து ராமர், சீதை, லட்சுமணர் செப்புத் திருமேனிகள் திருடு போயின. விஜயநகர காலத்தவை. நாற்பது வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஒருவரிடம் இருப்பது தெரிந்தது. இது அனந்தமங்கலத்துடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958-ல் அதே கோயிலில் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கைகொடுத்தன. 2020-ல் லண்டனில் இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தார்கள், அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன.

உங்கள் ஊர்க் கோயில் உற்சவரைத் தெளிவாகப் படம் எடுத்து, அளவு குறித்து வைக்கும்படி நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அனுமதி கேட்டுத்தான். திருடன் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

நேரம் இருந்தால் வடக்கே பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம், தெற்கே காரைக்கால் அம்மையார் கோயில். ஆனி பௌர்ணமியில் வந்தால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா.

எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தாத்தா தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் கணக்கு எழுதினாராம். பெயரை எங்கே தேடுவது?
– கோலாலம்பூர் வாசகர்

முதலில் குடும்பத்தில் பெரியவர்களிடம் பெயர், தெரு, எந்த ஆண்டு வாக்கில் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஆலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் இருக்கும். ஆயரிடம் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். இல்லையென்றால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அங்கே டேனிஷ் ஆவணங்கள் தனியாக இருக்கின்றன. பெரும்பகுதி கோபன்ஹேகனில்.

தமிழ்ப் பெயரை டேனிஷ்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அழகப்பன் என்ற பெயர் 'அலெப்பா' என்று பதிவாகியிருக்கிறது, சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பாளருக்கு அப்படித்தான் ஆனது. ஆகவே உங்கள் பாட்டனார் பெயரை நாலைந்து விதமாக உச்சரித்துப் பார்த்து, அத்தனை எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கணக்கர் என்றால் சம்பளப் பட்டியலில்தான் முதலில் தேட வேண்டும். விவரம் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள், தெருவை நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.